பின் சுவரின் வெளிப்பக்கம்

கதவை வெளியிலிருந்து சாத்தியதும் அறைக்குள் இருட்டு வந்து அப்பிக்கொண்டது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் கை தெரியாத இருட்டு. மேஸ்திரியின் மனைவிக்கு அது புதிதல்ல. குளிர் அறை ஒன்று கட்டி முடிகிற ஒவ்வொரு முறையும் அவள் இப்படித்தான் உள்ளே போய் நிற்பாள். மேஸ்திரி ஒரு பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே சுற்றி வருவார். பேனலும் பேனலும் சேருகிற ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் விளக்கை மேலிருந்து கீழே மெல்ல இறக்குவார். எங்காவது மயிரிழை வெளிச்சம் உள்ளே வந்தால் அங்கே இடைவெளியை அடைக்கப் பூசும் சீலன்ட் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். பேனல் என்றால் இரண்டு தகடு, நடுவில் ஒரு சாண் கெட்டி நுரை; அதைத் தாண்டிக் குரல் கேட்காது. அதனால் தட்டுதான் பேச்சு. அவர் வெளியே ஒன்று தட்டினால் 'பார்'. அவள் உள்ளே ஒன்று தட்டினால் 'இருட்டுதான், போ'. இரண்டு தட்டினால் 'நில், ஓட்டை'.

இந்தத் தடவை அந்த ஏற்பாடு ரொம்பவே சௌகரியமாகப் போயிற்று. புருஷனும் பெண்சாதியும் முகம் கொடுத்துப் பேசி அன்றோடு பன்னிரண்டு நாள்.

சண்டை என்றால் பெரிய சண்டை ஒன்றுமில்லை. பெரிய சண்டையாக இருந்தால் மறுநாளே தீர்ந்திருக்கும். அறைக்குச் சொந்தக்காரி மீன்காரம்மா. முப்பது வருஷமாக ஐஸ்கட்டியை உடைத்து உடைத்து மீன் மேல் கொட்டிய கை அவளுடையது. சொந்தமாகக் குளிர் அறை கட்டுகிறோம் என்கிற பூரிப்பில் தினமும் ஒரு நடை வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள், எல்லாவற்றையும் கேட்பாள். அன்றைக்கு மேலே வயர் போகிற துளையைக் காட்டி, "இதை எப்பிடி அடைப்பீங்க?" என்றாள். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள், "உள்ள மட்டும் அடைச்சாப் பத்தாதும்மா. வெளிய முதல்ல அடைக்கணும்" என்று இவள் சொல்லிவிட்டாள். சரியான பதில்தான். ஆனால் பக்கத்தில் வேலை கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் நின்றார், பேனல் தூக்குகிற ஆட்கள் நின்றார்கள். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டே, "அவ சும்மா சீலன்ட் கன்னை அமுக்குறவ சார், அவளுக்கு என்ன தெரியும்" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வாயைத்தானே மூடச் சொன்னார்? மூடிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷம். பேனலை நிறுத்துவது மேஸ்திரி. தூக்குவாரா, தாங்குவாரா, ரசமட்டம் வைத்து நேர் பார்ப்பாரா, அதிலெல்லாம் மன்னன்தான். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜாயிண்ட் அவளுடையது. ஆரம்பத்தில் கூலிக்கு ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில், "நீ கொஞ்சம் இதைப் பிடி" என்று சீலன்ட்டைப் பீய்ச்சுகிற கன்னைக் கையில் கொடுத்தார். பிடித்தவள் விடவே இல்லை. மேலிருந்து கீழே மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு; கோடு நூல் பிடித்த மாதிரி இறங்கும். அந்தக் கோட்டுக்கு ஊரெல்லாம் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மேஸ்திரி ஜாயிண்ட்'. இன்ஜினியரே நான்கு பேரிடம் அப்படித்தான் சொல்லுவார். அவளுக்கு அது வருத்தமாகக்கூட இருந்ததில்லை. வீட்டுக்காரருக்குப் பெயர் வந்தால் வீட்டுக்கு வந்த மாதிரிதானே என்று இருந்துவிட்டாள். 'அவளுக்கு என்ன தெரியும்' என்கிற அந்த ஒரு சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு நாள்தான். திரும்பி வந்து வேலைக்கும் போனாள், சமைத்தாள், துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் பேச்சு மகளின் போன் வழியாக நடந்தது. "அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேளுடி" என்று மகளிடம் சொல்லுவாள். மகள் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போடுவாள். அடுத்த அறையில் மணி அடிக்கும். "போட்டாச்சுன்னு சொல்லு" என்று அவர் சொல்வது இவளுக்குச் சுவர் வழியாகவே கேட்டுவிடும். "இது என்னம்மா கூத்து, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி" என்று மகள் அலுத்துக்கொண்டாள். மேஸ்திரியும் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, "இன்னைக்கு உப்பு சரியா இருக்கு" என்பார். ஜன்னலைப் பார்த்து, "மழை வரும்போல" என்பார். மன்னிப்பு என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வராது. வந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

இருட்டில் தட்டு கேட்டது. இடது சுவர், முதல் ஜாயிண்ட். அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு தட்டு. அடுத்தது. ஒரு தட்டு. இடது சுவர் முடிந்தது, கதவுப் பக்கம் முடிந்தது, வலது சுவர் முடிந்தது. இந்த மூன்றும் அவள் பூசியவை. உள்ளேயும் வெளியேயும் அவள் கைதான். வெளிச்சம் வந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு பின் சுவர்.

பின் சுவரை நிறுத்தியது அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த அன்று. அந்தச் சுவருக்கும் பழைய கட்டடத்தின் சுவருக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடுக்குதான் இருந்தது. மேஸ்திரியின் தொப்பைக்கு அது ஆகாது. அவள்தான் எப்போதும் பக்கவாட்டில் நுழைந்து வெளிப்பக்கத்தைப் பூசுவாள். அன்று அவள் இல்லை. தூக்குகிற ஆட்களில் ஒல்லியாக இருப்பவனை நுழைய வைத்துப் பூசியிருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். 'பின்னாடி பூசியாச்சா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்குத்தான் வாய் இல்லையே.

தட்டு கேட்டது. அவள் பார்த்தாள், இருட்டு. ஆனால் அந்தத் தட்டு காதில் சரியாக விழவில்லை. ஜாயிண்ட்டுக்கு நேராகத் தட்டினால் நெஞ்சில் தட்டுகிற மாதிரி முழுசாகக் கேட்கும். இது எங்கோ மூலையிலிருந்து, தகட்டின் மேல் ஊர்ந்து வந்து சேர்ந்தது. அடுத்த தட்டும் அதே மூலையிலிருந்து. அதற்கடுத்ததும். ஆள் இடுக்குக்குள் நுழையவே இல்லை. மூலையில் நின்றுகொண்டு, விளக்கை ஒரு குழாயில் கட்டி உள்ளே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறார். அட ராமா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் கை தானாகப் பின் சுவரைத் தேடிப் போயிற்று. ஜாயிண்ட்டின் மேல் விரலை வைத்தாள். அவளுடைய கோடு விரலுக்குக் கீழே நூல்போல இருக்கும். இது சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது. அதன் மேல் இன்னொரு பூச்சு. வழித்து, நீவி, ஓரம் வெட்டி, மேஸ்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்து பூசியிருக்கிறார். இவ்வளவு எதற்கு? தேவைக்கு மேல் ஒருவர் பூசுகிறார் என்றால் வேறெங்கோ பூசவில்லை என்றுதான் அர்த்தம்.

அவள் உள்ளேயிருந்து ஒன்றும் தட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மேஸ்திரி மூலையில் குழாயும் கையுமாக நின்றார். அவளைப் பார்த்ததும் குழாயை மறைக்கப் பார்த்தார். பத்தடிக் குழாயை எங்கே மறைப்பது? அவள் அவரைத் தாண்டிப் போய், தோளை ஒடுக்கி, இடுக்குக்குள் கையை நீட்டி முதல் ஜாயிண்ட்டைத் தொட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு காடிப் பள்ளத்துக்குள் இறங்கியது. வறண்டு கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் நுழைந்து இரண்டாவதைத் தொட்டாள். அதுவும் அப்படியே.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உள்ள ரெண்டு தடவை பூசியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளிச்சம் வரலைல்ல?"

வெளிச்சம் வராது. வெளிச்சம் உள்ளே பூசியதிலேயே நின்றுவிடும். ஈரம் அப்படி நிற்காதே! வெளிக்காற்றில் இருக்கிற ஈரம் குளிரைத் தேடிப் போகும். அதுதான் அதன் குணம். திறந்து கிடக்கிற ஜாயிண்ட்டில் நுழையும், உள்பக்கம் அடைத்திருப்பதைப் பார்க்கும், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அங்கேயே உட்கார்ந்து பனியாகும். பனி நுரையைத் தின்னும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கட்டிய அறை ஒன்றைப் பிரிக்க இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஆள் தூக்க வேண்டிய பேனலை நான்கு பேர் தூக்கினார்கள். உள்ளே நுரை தண்ணீர் குடித்த மெத்தையாகக் கிடந்தது. ஒரே நாற்றம். அன்று, "வெளிய பூசாம விட்டிருக்கான் பாரு, படுபாவி" என்று திட்டியது வேறு யாருமில்லை, இதே மேஸ்திரிதான்.

தெரியாமல் செய்யவில்லை. 'நீ கொஞ்சம் நுழைஞ்சு பூசேன்' என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்குப் பதிலாக இவ்வளவையும் செய்திருக்கிறார். அவளுக்கு ஆத்திரம் வந்தது, அதோடு கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது. இன்ஜினியரும் மீன்காரம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். மூன்று மணிக்குக் குளிரூட்டுகிற மிஷினைப் போடுவதாக ஏற்பாடு. போட்டுவிட்டால் தீர்ந்தது. தகடு குளிர்ந்து வியர்க்கத் தொடங்கினால் சீலன்ட் ஒட்டாது, ஒட்டினாலும் உள்ளே போன ஈரம் போனதுதான். செய்வதென்றால் மிஷின் ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். மணி இரண்டரை.

இன்ஜினியர் டார்ச் அடித்து உள்ளே ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் கதவோரமாக நின்றாள். இடது சுவரைப் பார்த்தார், தலையாட்டினார். வலது சுவர், தலையாட்டினார். பின் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார். விரலால் நீவிப் பார்த்தார். "பிரமாதம் மேஸ்திரி! மத்ததைவிட இந்தச் செவரு அசத்திட்டீங்க. எப்பிடி கனமா இருக்கு பாருங்க" என்றார். "பக்கத்து ஊர்ல இதே மாதிரி எட்டு ரூம் வருது. ஆபீஸ்ல உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு இது ஓடிடுச்சுன்னா சாயங்காலம் ஓகே பண்ணிருவாங்க."

இருக்கிற நான்கு சுவரில் அந்த ஒன்றைப் பார்த்தா சொல்ல வேண்டும்! சரி, போகட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவளுக்கு என்ன தெரியும்? கன்னை அமுக்குகிறவள். ஒரு வருஷம் போகட்டும், பின் சுவர் வயிறு வீங்கி நிற்கட்டும், அப்போது தெரியும் மேஸ்திரி ஜாயிண்ட் யாருடைய ஜாயிண்ட் என்று. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். இந்தப் பன்னிரண்டு நாளாக இருந்த மாதிரியே இன்னும் அரை மணி நேரம் இருந்தால் போதும்.

நினைத்துப் பார்க்க ருசியாகத்தான் இருந்தது.

மீன்காரம்மா அறைக்கு நடுவே வந்து நின்று, காலி அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கதவின் மேலிருந்த விரல் தடத்தைத் துடைத்தாள். "இனிமே வித்தது போக மிச்சத்தைக் கண்ட விலைக்குத் தள்ள வேண்டியதில்லை பாரு" என்று இவளிடம்தான் சொன்னாள். "அன்னைக்கு நீ சொன்னியே, வெளிய முதல்ல அடைக்கணும்னு. வீட்டுக்குப் போயி மருமகன்கிட்டச் சொன்னேன். அந்தம்மா சொல்றதுதான் சரின்னான்." சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஐஸில் மரத்துப்போன கை, சொரசொரவென்று இருந்தது.

வெளியே இன்ஜினியர் மிஷின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் நின்றார். நெற்றி முழுக்க வியர்வை. கையைப் பிசைந்தார், விட்டார், மறுபடி பிசைந்தார். அவர் மட்டும் அப்போது நிம்மதியாக நின்றிருந்தால் அவள் ஒருவேளை பேசாமலேயே இருந்திருப்பாள்.

"சார், மிஷினைப் போடாதீங்க."

பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த குரல் கொஞ்சம் கரகரத்துத்தான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"பின் செவரு வெளிப்பக்கம் பூசல. ஒரு சொட்டுக்கூட இல்ல."

இன்ஜினியர் மேஸ்திரியைப் பார்த்தார். "என்ன மேஸ்திரி இது? உள்ள அவ்வளவு நல்லா இருக்கு?"

மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பையன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான்.

"இடுக்குல பூசுறது என் வேலை" என்றாள் அவள். "அன்னைக்கு நான் வரல. வந்தப்புறமும் பாக்கல. என்மேலயும் தப்பு இருக்கு."

"உங்க வேலையா? அப்ப மத்த மூணு செவரு?"

"நான்தான்."

"போன வருஷம் போட்ட ரூமெல்லாம்?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. "அதுவும்" என்றாள்.

இன்ஜினியருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? "என்னங்க இது, விளையாட்டா இருக்கா உங்களுக்கு? ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்றது?" என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சத்தம் போட்டார். பெட்டியை டமாலென்று சாத்தினார். போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பூச ரெண்டு மணி நேரம். காய ராத்திரி முழுக்க விடணும். நாளைக்குக் காலைல போடலாம் சார்."

மீன்காரம்மா ஓரமாகக் கிடந்த காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பார்த்துவிட்டுத்தான் போவேன் என்பது போல இருந்தது அந்த உட்காரல்.

அவள் ஒரு ட்யூபைக் கன்னில் மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, ஒடுங்கிய ஏணியை முன்னால் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். கோடிக்குப் போய் அங்கிருந்து பூசிக்கொண்டேதான் வர வேண்டும்; இல்லாவிட்டால் பூசியதையெல்லாம் முதுகாலேயே துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். பழைய சுவரின் பூச்சு முதுகைக் கீறியது. கன்னத்தில் தகடு ஒட்டியது. கோடி ஜாயிண்ட்டில் கன்னை வைத்து, மூச்சைப் பிடித்து, மேலிருந்து இழுத்தாள். கோடு இறங்கியது. கை மறக்கவில்லை. வாசலில் இன்ஜினியர் யாருடனோ பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. "இல்ல சார்... ஆமா, கடைசி நேரத்துல... இல்ல, அவங்களேதான் சொன்னாங்க... எட்டு ரூமா? அது இப்ப எப்பிடி சார் சொல்றது..." எட்டு அறையும் போனால் போகட்டும் என்று நினைக்க முயன்றாள். அப்படி நினைக்க வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் வந்துபோயிற்று.

இரண்டாவது ஜாயிண்ட் பாதியில் ட்யூப் தீர்ந்தது.

கையைப் பின்னால் நீட்டினாள். இடுக்கின் வாயில் மேஸ்திரி நிற்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. எத்தனை நேரமாக நிற்கிறாரோ. குழாய் நுனியில் கட்டி ஒரு ட்யூபை உள்ளே அனுப்பினார். வாங்கிக் கன்னில் மாட்டினாள். அமுக்கியதும் சீலன்ட் காடிக்குள் போகாமல் தகட்டின் மேலேயே புழுபோலச் சுருண்டு நின்றது. ட்யூபின் மூக்கைத் திருப்பிப் பார்த்தாள். நேராக வெட்டியிருந்தார். அகலமான இடத்தில் நின்று பூசுகிறவர்கள் வெட்டுகிற வெட்டு. இந்த இடுக்கில் கன்னைச் சாய்க்க இடம் எங்கே இருக்கிறது? மூக்குதான் சாய வேண்டும். இத்தனை வருஷமும் அவளே வெட்டி, அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அதை யாரும் பார்த்ததில்லை.

"இப்பிடி இல்ல" என்றாள். "சாய்ச்சு வெட்டணும்."

வெளியே இன்ஜினியரின் போன் பேச்சு நின்றிருந்தது. அவர் திரும்பி வந்து பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறார். மீன்காரம்மா இருமினாள். மேஸ்திரி அடுத்த ட்யூபை எடுப்பதும், கத்தியை விரிப்பதும், பிறகு ஒன்றுமே செய்யாமல் நிற்பதும் கேட்டது.

"எவ்வளவு சாய்ச்சு?" என்றார்.

மெதுவாகக் கேட்கவில்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, நல்ல சத்தமாகவே கேட்டார்.

அவளால் உடம்பைத் திருப்ப முடியவில்லை. முகத்தை மட்டும் திருப்பி, இடது கையை அவர் பக்கம் நீட்டி, ஆள்காட்டி விரலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒரு சாய்வில் வைத்துக் காட்டினாள். மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையை இடுக்குக்குள் நுழைத்து, அந்த விரலையே பார்த்தார். பிறகு நின்ற இடத்திலிருந்தே ட்யூபை அவள் விரலின் சாய்வுக்கு இணையாகப் பிடித்து, மூக்கின் மேல் கத்தியை வைத்தார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

கத்தி ஒரு நூல் கீழே நகர்ந்தது. அழுத்தாமல், அங்கேயே நின்றது.